ஐரோப்பிய மொழிகளும் பல்கலைக்கழகக் கல்வியும்

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய மொழிகளையும் அம்மொழி இலக்கியங்களையும் பயிலுதல் என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். தமிழையே கற்றுத் தமிழையே கற்பித்துவரும் எம்மிடம் இப்பொருளை ஒப்புவித்தது எற்றுக்கு எனச் சிலர் முறுவலித்தல் கூடும். முறுவலிக்கட்டும். மொழியையும் இலக்கியத்தையுமே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் பிள்ளையைப் பார்த்து உலகம் என்ன கேட்கும் என்பது தமிழாசிரியர்க்குத் தெரிந்த அளவு பிறர்க்குத் தெரியாது. "அது சோறு போடுமா?" என்னும் வினாவை யாம் இருபது ஆண்டாகக் கேட்டு வருகின்றோம். இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஆராய்ச்சி விருப்பம் மட்டும் காரணமன்று. நம் சங்கத்துக் கல்வி நிதியின் முன்னர் ஒரு விண்ணப்பம் இருக்கின்றது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் 'இக்கால மொழிகள்' என்று ஐரோப்பியர் வழங்கும் தொடரின் பொருளைக் காண்போம். எந்த மொழிக்கு எதிராக இவை இக்கால மொழிகள்? இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எதிராக என்க. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவிற் கல்வி என்றாலே அவ்விரு பழமொழிகளின் கல்விதான். தாய் மடியிற் கற்ற மொழி சந்தைக்கும் அடுக்களைக்கும் உரியதென ஒதுக்கப்பட்டது. இத்தாலியப் பெரும்புலவர் தாந்தே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் காப்பியத்தைத் தம் நாட்டார் பேசிய மொழியிலேயே பாடினார். ஆயின், நாட்டு மொழியிற் பாடுதல் தகும் என்பதை நிலைநாட்ட அவர் எழுதிய உரைநடை நூலோ இலத்தீன் மொழியில் இருக்கின்றது! கற்றார் அவையில் வழக்காட வேண்டின் கற்றார் மொழியில்தானே வழக்காடுதல் வேண்டும்? பேசும் மொழிக்கு இலக்கணம் உண்டு என்பதையே ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணிற்றிலர். ஸ்பானிய மொழிக்கு நெப்ரிஹா என்பார் செய்த இலக்கணம் 1492-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரோப்பாவின் பேச்சுமொழி ஒன்றுக்கு அச்சேறிய முதல் இலக்கணம் அதுவே. தொல்காப்பியத்தைப் பாடங்கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றும்.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையுடையது. 1724-ஆம் ஆண்டில் முதலாம் ஜார்ஜ் மன்னர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இக்கால வரலாற்றுக்குப் பேராசிரியர் பதவிகளை நிறுவினார். தூது போதற்குரிய இளைஞர்க்குப் பிறநாட்டு மொழி கற்பித்தலும் அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. மன்னர் விரும்பினார், புலவர் விரும்பிற்றிலர், மொழிக்கல்வி வேரூன்றவில்லை. பின்னர் அதற்கு வழிசெய்தவர் ஒரு கட்டடக் கலைஞர். இங்கிலாந்து வங்கியின் கட்டடப் பணிகளைச் செய்து பெரும்பொருள் ஈட்டிய இராபர்ட் டெய்லர் 1788-இல் இறந்தபோது, தம் உயிலில், தம் குடும்பத்துக்குப் பின் தம் பொருள் ஐரோப்பிய மொழிகளைக் கற்பித்தற்கென ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டுமென எழுதி வைத்தார். மகனாருக்கு இஃது உவப்பாயில்லை. உயில்மேல் வழக்கு நடந்தது. மகன் 1834-இல் காலமான பின்னரே பொருள் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அப்பொருளால் எழுந்த டெய்லர் நிலையம் 1845 முதல் இன்றளவும் நின்று பயன்படுகின்றது. அறக்கட்டளைச் சொத்துக்கள் மகன்மாராலும் மருகன்மாராலும் படும் பாட்டை நம் சங்கத்தார் நன்கறிவர் ஆதலின், இதனை விரித்தல் வேண்டா.

அந்நிலையத்தின் பேராசிரியராக 1854-இல் அமர்ந்தவர் யாவர்? நம் நாட்டார் 'மோட்சமூலர்' என்று பெயரை மாற்றிப் போற்றிய மாக்ஸ் முல்லரே. வேதத்தைப் பதிப்பித்த பெரியாராகவே நாம் அவரை அறிவோம். அவர் ஆக்ஸ்போர்டில் ஊதியம் பெற்றதோ ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியர் என்ற பெயரால். 1860-இல் சமற்கிருதப் பேராசிரியர் பதவிக்கு அவர் போட்டியிட்டபோது 610 வாக்குகளே கிடைத்தன. எதிர்த்து நின்ற மோனியர் வில்லியம்சுக்கு 833. அயல்நாட்டார் என்பதும், சமயக் கொள்கையிற் சற்று நெகிழ்ந்தவர் என்பதும் அவருக்கு எதிராக நின்றன. அயல்மொழிப் புலவரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அயலார் அயலாரே என்னும் மனநிலை எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

கேம்பிரிட்ஜில் இக்கால மொழிகளுக்குரிய சிறப்புத் தேர்வு முதன்முதல் 1886-இல் நடைபெற்றது. ஆக்ஸ்போர்டில் அதற்கென்று தனிப்பட்டப் படிப்பு ஏற்பட்டது 1903-இல்தான். அதே 1886-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டிலே தமிழும் தெலுங்கும் கற்பித்துக்கொண்டிருந்த போப்பையரின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது என்பதனையும் ஈண்டு நினைவு கூர்க. பிரெஞ்சும் செருமானியமும் பட்டம் பெறுதற்குரிய கல்வியா, வீட்டில் ஆசிரியை வைத்துப் பெண்பிள்ளைகட்குச் சொல்லிக் கொடுக்கும் அழகுக் கல்வியா என்று அந்நாட்டுப் பெரும்புலவர் பலகாலம் ஐயுற்றனர். ஏளனத்துக்குள்ளான அவ்வகுப்புகளிற் பெண்கள் மிகுதியாகச் சேர்ந்தனர். தேர்விற் சிறந்த இடமும் பெற்றனர். ஆயினும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப்பட்டம் அளித்தது 1948-ஆம் ஆண்டில்தான். வாழும் மொழியைக் கற்பித்தவர்க்கு மதிப்புக் குறைவு. அதனைக் கற்ற பெண்களுக்கோ பட்டமே இல்லை. நம் நாட்டிலும் ஒரே பள்ளியில் மற்றை ஆசிரியர்க்கு ஓர் ஊதியமும் தமிழ்ப் பண்டிதர்க்கு அதனிற் குறைந்த ஊதியமும் தந்த காலம் ஒன்று இருந்தது. முதியோர் சிலர் தலையசைப்பதைக் காண்கின்றோம்.

இனி, இப்படிப்பில் என்ன கற்பிக்கின்றனர்? 'மொழி கற்றல் என்றால் பேசப் பழகுதல். அதற்கு நான்கு ஆண்டு எற்றுக்கு?' என்பார் பலர். பேசப் பழகுதல் அதன் முதற்படி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் இது நான்கு ஆண்டுப் படிப்பு. பெரும்பாலும் மாணவர் இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்வர். அவற்றுள் ஒன்றை எழுத்தறிவே இல்லாத நிலையிலிருந்து தொடங்கவும் இடமுண்டு. கிழமைதோறும் அயல்மொழியிலிருந்து தம் மொழிக்கும், தம் மொழியிலிருந்து அயல்மொழிக்கும் பெயர்த்தல் வேண்டும். பின்னதே கடினம். நூல்களைப் படித்துக் கட்டுரை எழுதி ஆசிரியர் முன்னர் இருந்து அதற்கு விடையிறுத்தல் வேண்டும். மூன்றாம் ஆண்டினைப் பெரும்பாலோர் அம்மொழி வழங்கும் நாட்டிலேயே கழிப்பர். ஊர்ப்பள்ளியில் துணையாசிரியராகவோ, ஆங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவராகவோ, ஏதேனும் ஓர் அலுவலிலோ இருந்து, கடைத்தெருவிற் காய்கறி வாங்கியும், வீட்டு வாடகைக்கு வழக்கிட்டும், காய்ச்சலுற்றபோது மருத்துவரிடம் நோயைச் சொல்லியும் மொழியைக் கற்பர். நான்காம் ஆண்டு திரும்பி வந்து இலக்கியத்தை ஆழ்ந்து கற்பர். இம்மூன்றாம் ஆண்டே அப்படிப்பின் உயிர்நிலை என்பது எம் கருத்து. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இஃது எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அக்குறையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

தமிழ் மாணவர்க்கு இம்மொழிகளில் ஒரு தனி இன்பம் உண்டு. அதனைப் பண்டிதர் ஒருவரன்றிப் பிறர் சொல்லமாட்டார் ஆகலின், சற்று விரித்துக் கூற அவை பொறுத்தருள்க.

நம் மொழியிற் பால் என்பது பொருளைப் பற்றியது. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால், ஏனையவெல்லாம் அஃறிணை. செருமானியத்திலோ பால் சொல்லைப் பற்றியது. அங்கே ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். பிரெஞ்சில் அது நேர்மாறு. ஞாயிறு ஆண், திங்கள் பெண். இன்னும் கேளுங்கள். செருமானியத்தில் 'சிறுமி' என்னும் சொல் பெண்பாலும் அன்று. அஃறிணை போன்ற பொதுப்பால்! சிறுமைப்பொருள் தரும் விகுதி எச்சொல்லில் ஒட்டினும் அச்சொல் அப்பாலைச் சேரும் என்பது அவர்தம் விதி. தாய்மார்கள் சினங்கொள்ள வேண்டா. இலக்கணத்தின் குற்றமேயன்றி அவர் பெண்மக்களை இகழ்ந்ததன்று. வேற்றுமையைப் பார்ப்பின் செருமானியத்துக்கு நான்கு, இரஷ்யத்துக்கு ஆறு. எட்டு வேற்றுமையைச் சிறுவயதில் நெட்டுருப் பண்ணிய பிள்ளைக்கு இவை ஒரு சுமையாகா. பிரெஞ்சுக்காரர்க்கு எண்பது என்பது 'நாலிருபது'. தொண்ணூறு என்பது 'நாலிருபது பத்து'. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆயின வரலாற்றைத் தொல்காப்பியத்திற் கற்ற நாம் அவரைப் பார்த்து நகைத்தற்குச் சிறிதும் உரிமையுடையேம் அல்லேம்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. செருமானியத் துணைவாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தின் வழியாக அம்மொழியைக் கற்பார்க்கு இது பெருந்தொல்லை. வாக்கியம் முடியுங்காறும் மூச்சடக்கிக் காத்திருத்தல் வேண்டும் என்று அவர் முறையிடுவர். நாம் பிறந்தது முதல் அங்ஙனமே காத்திருக்கின்றோம்! எழுவாயை முதலில் வைத்து, இடையில் ஒரு பாரதத்தையே அடக்கி, ஈற்றில் ஒரு வினைமுற்றால் முடிபோடும் உரையாசிரியர் வாக்கியங்களைப் பயின்றவர்க்குச் செருமானிய நடை அயல்வீடன்று. தமிழை நன்கு கற்ற பிள்ளைகளே இம்மொழிகளை விரைந்து கற்பர் என்று யாம் துணிந்து கூறுவோம்.

இவ்விலக்கண நுட்பம் இலக்கியத்தில் எங்ஙனம் பயன்படும் என்பதற்கு ஒன்று காட்டுதும். பிரெஞ்சு மொழியில் நெருங்கியவரை 'நீ' என்றும், மற்றையோரை 'நீங்கள்' என்றும் அழைப்பர்; நம் வழக்கும் அதுவே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பேச்சு வழக்கினின்று மறைந்து போயிற்று. ஆல்பெர் கமுய் 1942-இல் வெளியிட்ட 'அந்நியன்' என்னும் புதினத்தில், கதை கூறுவோனை அவன் அண்டை வீட்டான் ஒரு கட்டத்தில் 'நீ' என்று அழைக்கத் தொடங்குகின்றான். அவன் அழைக்கத் தொடங்கியதையே இவன் உடனே கவனித்திலன், பின்னரே உணர்கின்றான். தீயவன் ஒருவன் நட்பென்னும் பெயரால் அவன் வாழ்வினுள் நுழைந்துவிட்டான். அவன் வாழ்க்கையே பின்னர் அழிவதற்கு அந்நுழைவு ஒரு காரணம். பிரெஞ்சு ஆசிரியர் இதனை ஒரு சிறு பெயர்ச்சொல்லால் முடித்துவிட்டார். ஆங்கிலத்தில் இதனைச் சுற்றி வளைத்து விளக்கல் வேண்டும். தமிழிலோ 'நீங்கள்' என்பது 'நீ' ஆனது என்றால் அமையும். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வருமாயின் நம் மொழிக்கு இயல்பாய் உள்ள ஆற்றல் வழியிலேயே களவு போய்விடும். வெ. ஸ்ரீராம் அவர்கள் அந்நூலைப் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கி 1980-இல் வெளிவரச் செய்ததன் அருமை இதனால் விளங்கும்.

காப்காவின் 'உருமாற்றம்' என்னும் கதையை உங்களுட் சிலர் படித்திருப்பீர்கள். ஒருவன் காலையில் எழும்போது தான் ஏதோ ஓர் உயிராய் மாறியிருப்பதைக் காண்கின்றான். மொழிபெயர்ப்புகளில் அதனைப் பூச்சி என்றும், கரப்பான் என்றும், வண்டு என்றும் பலவாறு எழுதுவர். செருமானிய மூலச்சொல் இன்ன பூச்சி என்று சுட்டுவதன்று. இழிந்த, அருவருக்கத்தக்க, ஒழிக்கத்தக்க உயிர் என்பதே அதன் பொருள். பழவழக்கிற் பலியிடுதற்கு ஆகாத தூய்மையற்ற உயிர் என்னும் பொருளும் அச்சொல்லின் அடியில் உள்ளதென்பர். 1915-இல் அக்கதை நூலாக வெளிவரும்போது மேலட்டையில் அப்பூச்சியை வரையவே கூடாது என்று காப்கா பதிப்பகத்தாருக்கு எழுதினார். ஏன் வரைதல் கூடாது? வரைந்தால் அஃது ஒரு பூச்சியாகிவிடும். வீட்டார் கண்ணுக்கு ஒரு மகன் எப்படித் தோன்றினான் என்பதன்றோ அக்கதை? சம்பாதிக்கும்வரை மகன்; சம்பாத்தியம் நின்றபின் ஒழிக்கத்தக்க உயிர். இதனை உணர ஒருவர் ஐரோப்பாவிற் பிறந்திருத்தல் வேண்டா. ஆனால் அச்சொல்லை அறிந்திருத்தல் வேண்டும்.

'பிறமொழி இலக்கியத்தில் முழுகினால் தமிழ்ப்பற்றுக் குன்றும்' என்று நம் சங்கத்துப் பெரியார் ஒருவர் எம்மிடம் கூறினார். அவர் வயதுக்கும் அன்புக்கும் வணங்கி, மறுத்துரைக்கின்றோம். விக்தோர் யூகோவின் பெருங்கதையை 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கியவர் சுத்தானந்த பாரதியார். அவர் தமிழ் குன்றியதா? ஈழம் தந்த தனிநாயக அடிகள் உரோமையிற் கல்வி பயின்று, பல ஐரோப்பிய மொழிகளைக் கற்றவர். அக்கல்வி இன்றேல் 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் படியை வாத்திக்கன் நூலகத்திற் கண்டெடுத்துத் தமிழுலகுக்கு 1966-இல் மீண்டும் அளித்திருப்பாரோ? லிஸ்பன் நகரில் 1554-ஆம் ஆண்டிலேயே உரோம எழுத்தில் தமிழ் அச்சேறியது என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அந்நூலைப் படித்துப் பொருள் சொல்லப் போர்த்துக்கேயமும் தமிழும் ஒருங்கே அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

இங்கே சற்று நிற்போம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கும் அவர் வழியினரும் செருமானியத்தில் எழுதியனுப்பிய மடல்கள் ஹாலே நகரத்துக் காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. நம் ஊர்கள், நம் விழாக்கள், நம் முன்னோர் சொன்ன விடைகள் யாவும் அவற்றுட் காணக்கிடக்கின்றன. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை ஆண்ட டச்சுக் கும்பனியார், சோழமண்டலக் கரையில் வாங்கிய துணிக்கும் நெல்லுக்கும் எழுதிய கணக்குகள் ஹேக் நகரிலுள்ளன. புதுச்சேரியின் கதை பிரெஞ்சில் உள்ளது. கல்வெட்டையும் ஓலையையும் படித்தால் நம் வரலாறு முற்றும் தெரிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. ஒரு பாதி கடல் கடந்து கிடக்கின்றது. அதனைப் பிறர் படித்து நமக்குச் சொல்லுங்காறும் காத்திருக்கின்றோம். செருமானியராகிய கிரௌல் 1856-இல் திருக்குறளைத் தம் மொழியில் தந்தார். பிரெஞ்சுப் புலவர் பிரான்சுவா குரோ 1968-இற் பரிபாடலைத் தம் மொழியில் தந்தார். பரிபாடல்! பரிமேலழகர் உரையின்றி நம்மவரே தடுமாறும் நூல். அவர்கள் வந்து கற்றுச் சென்றனர். நாம் சென்று கற்று வந்தது எவ்வளவு?

சிலர் 'எம் பிள்ளையும் பிரெஞ்சு படித்தானே' என்பர். ஆம், படித்தான். மேனிலைப் பள்ளியில் தமிழை விடுத்துப் பிரெஞ்சை எடுத்தால் மதிப்பெண் மிகும் என்று கருதி இரண்டாண்டு படித்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டும் வாங்கினான். இன்று அவனைப் பிரெஞ்சில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கச் சொல்லுங்கள். அது மொழிக் கல்வியன்று, மதிப்பெண் வாணிகம். அவ்வாணிகத்தில் இழந்தது தமிழ். பெற்றது பிரெஞ்சும் அன்று. யாம் ஐரோப்பிய மொழிக் கல்வியைப் போற்றுவது இதனை மனத்துட் கொண்டன்று என்பதைப் பெற்றோர் தெளிக.

'கைப்பேசியே நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றதே. இனி மனிதர் கற்பானேன்?' என்பது மாணவர் வினா. கடிதத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் அது போதும் என்பதை ஒப்புகின்றோம். அவ்வகை வேலை முன்போல் மனிதர்க்குக் கிடைப்பது அரிது என்பதையும் மறையாது சொல்லிவிடுதல் நன்று. ஆயினும் பொறி தந்தது சரியா பிழையா என்று சொல்ல இருமொழியும் அறிந்த ஒருவர் வேண்டும். அவரும் இல்லையேல் பிழையே மெய்யாகிவிடும்.

பிழைப்பைப்பற்றி இன்னும் சில. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு முதல் பதினான்கு வயதுக்குமேல் அயல்மொழி கட்டாயப் பாடமாக இல்லாது போகவே, பிரெஞ்சும் செருமானியமும் பயில்வார் தொகை குறைந்தது. அவர்கள் தாய்மொழி உலகெங்கும் வழங்குவதால் தேவையில்லை என்று கருதுகின்றனர். நமக்கு அந்த வசதி இல்லை. செருமனிக்குச் செல்லும் செவிலியர்க்கு மொழி வேண்டும். ஆனால் அதற்கு ஓராண்டு மொழிப்பள்ளிப் பயிற்சி போதுமானது. பல்கலைக்கழக இலக்கியக் கல்வி வேறு. இலக்கியம் கற்றவர் ஆசிரியராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், தூதரகங்களிலும் பதிப்பகங்களிலும் அயல்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் அலுவல் பெறலாம். பொறியாளர்போலப் படித்த உடன் பெருஞ்சம்பளம் பெறுவர் என்று யாம் கூறமாட்டோம். பொறியியற் பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வேலை தேடும் பிள்ளைகளும் இவ்வவையில் இருக்கின்றனர் என்பதையும் மறத்தற்கில்லை.

செலவு எவ்வளவு? ஆக்ஸ்போர்டுக்கு அனுப்புதல் நம்மில் மிகச்சிலர்க்கே ஆகும். செருமனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்–வியூர்ட்டம்பேர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறம்பானவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெற்று வருகின்றது. எனினும் அங்குச் சென்று தங்குவார் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை முன்னரே வங்கியில் வைத்துக் காட்டுதல் வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகையை 11,904 யூரோ என வகுத்தனர். செருமானிய மொழியிலேயே பயில்வதற்குப் பெரும்பாலும் சி1 என்னும் தகுதி வேண்டும். ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் அஃது ஐந்தாவது. ஆகவே பள்ளி முடித்த பிள்ளையை உடனே விமானம் ஏற்றுதல் அறிவுடைமையன்று. நம் நாட்டிலேயே தொடங்கலாம். புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், 1958-இல் தோன்றி 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஐதராபாத்து ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் இளங்கலைப் படிப்பினை எழுத்திலிருந்தே தொடங்கிக் கற்பிக்கின்றனர், கட்டணமும் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறை உண்டு.

இனி அவ்விண்ணப்பம். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண். பெயர் கூறுதல் முறையன்று. பன்னிரண்டாம் வகுப்பிற் கணக்கிலும் தமிழிலும் ஒருங்கே உயர்ந்த மதிப்பெண் பெற்றவள். மாலை வேளைகளிற் செருமானியம் கற்று இரண்டு படிகளைத் தன் முயற்சியாலேயே கடந்துவிட்டாள். ஐதராபாத்திற் செருமானிய இளங்கலை பயில இடம் பெற்றுள்ளாள். அவள் தந்தையாரோ பொறியியற் கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டியிருக்கின்றார். அவரைக் குறைகூறுதற்கில்லை, பெண்ணை நெடுந்தொலைவு அனுப்பி, எதற்குப் பயன்படும் என்று உறவினர்க்கு விளக்க முடியாத ஒரு படிப்பைப் படிக்கவைத்தல் எந்தத் தந்தைக்கும் எளிதன்று. பெண் விண்ணப்பித்தது விடுதிச் செலவுக்கான உதவியை. நம் நிதியின் விதியோ 'தொழிற்கல்வி பயில்வார்க்கு' என்கின்றது. அவ்விதியை எழுதிய காலத்தில் நம் பிள்ளைகளுள் மருத்துவரும் பொறியாளரும் அரியர். ஆகவே அங்ஙனம் எழுதினர். அன்றைக்கு அது தக்கதே.

செயற்குழுவினரை யாம் வேண்டுவது இது: 'தொழிற்கல்வி' என்னும் சொல்லை நீக்கிப் 'பல்கலைக்கழகக் கல்வி' என மாற்றுக. அதற்குப் பொதுக்குழுவின் இசைவு வேண்டும் எனின், இவ்வாண்டுக்கு மட்டும் தனித்தீர்மானத்தால் உதவி செய்க. உதவியை ஒரே முறையாகத் தாராது, ஆண்டுதோறும் அவள் தேர்ச்சியைக் கண்டு தருக. மூன்றாண்டும் ஆண்டுக்கு ஒரு செருமானியச் சிறுகதையை மூலத்திலிருந்து நேரே தமிழாக்கி நம் மாத இதழுக்குத் தரல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம். அதன் தமிழ்நடையைத் திருத்தித் தரும் பொறுப்பை யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

பெண்ணின் தந்தையார் இவ்வவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். எம் கூற்றை மறுக்க அவருக்கு உரிமையுண்டு. செயற்குழு கூடுமுன் அவரையும் பேச அழைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றோம்.